டிராக்டர் கடையில் மூன்று தலைமுறை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தாத்தா தொடங்கி, அப்பாவும் சித்தப்பாவும் வளர்த்து, இப்போது நானும் தம்பியும் நடத்தும் எங்கள் டிராக்டர் விற்பனை நிலையத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

டிராக்டரே புதிதாக இருந்த காலத்தில் அதை விற்கத் துணிந்த முதல் தலைமுறை யார்? – வரலாறு படிக்கும் மாணவி

பெரும்பாலும் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர்கள், கலப்பையும் அறுவடைக் கருவியும் விற்றவர்கள். அவர்களுக்கு வழி போட்டுக் கொடுத்தவர் என்று சைரஸ் மெக்கார்மிக்கைச் சொல்வேன். 19ஆம் நூற்றாண்டில் குதிரை இழுக்கும் அறுவடை இயந்திரத்தை அவர் ஊருக்கு ஊர் ஏஜென்ட் வைத்து விற்றார். எழுத்தில் உத்தரவாதம் கொடுத்தார், முன்பணம் வாங்கிக்கொண்டு மீதியை அறுவடை முடிந்து கட்டச் சொன்னார், உதிரி பாகங்களை ஏஜென்ட்டிடம் இருப்பு வைத்தார். இன்றுவரை டிராக்டர் கடை நிற்பது இந்த மூன்றின் மேல்தான்.

முன்னும் பின்னும் ஓடக்கூடிய முதல் பெட்ரோல் டிராக்டரை 1892இல் அமெரிக்காவின் அயோவாவில் ஜான் ஃப்ரோலிக் செய்தார். அவருடைய நிறுவனம் விற்ற டிராக்டர்கள் இரண்டே இரண்டு. இரண்டையும் வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதே நிறுவனம் பிறகு வாட்டர்லூ பாய் என்ற டிராக்டரைச் செய்து பெயர் வாங்கியது, 1918இல் ஜான் டீர் என்ற விவசாயக் கருவி நிறுவனம் அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. தொடக்கத்தில் வண்டி திரும்பி வந்தது என்பதற்காகத் தொழிலை மூடியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

முதல் தலைமுறை பட்ட பாட்டில் என் மனதைத் தொடுவது எக்ஸ்சேஞ்ச்தான். அன்றைக்கு விவசாயியிடம் மாற்றிக்கொள்ள இருந்தது குதிரை. அமெரிக்காவில் பல டீலர்கள் புது டிராக்டருக்கு ஈடாகக் குதிரையையும் கோவேறு கழுதையையும் எடுத்துக்கொண்டார்கள். எடுத்ததை விற்றாக வேண்டும், விற்கும்வரை தீனி போட்டாக வேண்டும். டிராக்டர் பரவப் பரவ குதிரையை வாங்க ஆள் குறைந்துகொண்டே போனது. இன்று எங்கள் முற்றத்தில் நிற்கும் பழைய வண்டிகளுக்குத் தீனி வேண்டாம், வட்டி மட்டும் ஓடும். பழைய வண்டியை என்ன மதிப்புக்கு எடுப்பது என்ற கணக்கில்தான் டீலருடைய வருஷமே அடங்கியிருக்கிறது. தாத்தா பழைய வண்டியைப் பார்க்கும்போது எஞ்சின் பக்கம் முதலில் போகவே மாட்டார். இழுவைக் கொக்கியின் துளை எவ்வளவு தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கிறது என்று விரல் விட்டுப் பார்ப்பார். அவர் சொல்வது சரிதான்: பெயின்ட் அடித்து எதையும் மறைக்கலாம், அந்தத் துளையை மறைப்பது கஷ்டம். எவ்வளவு பாரம் இழுத்த வண்டி என்பதை அதுவே சொல்லிவிடும்.

புது வண்டி விற்றால்தானே லாபம்? நீங்கள் ஸ்பேர்ஸ் (உதிரி பாக) கவுன்ட்டரைப் பற்றியே அதிகம் எழுதுகிறீர்களே? – ஒரு வாசகர்

நான் வளர்ந்ததே அந்தக் கவுன்ட்டருக்குப் பின்னால். ஆனால் பாசத்தால் மட்டும் சொல்லவில்லை. புது வண்டி விற்பனை மழையோடும் விளைச்சலோடும் ஏறி இறங்கும். விளைச்சல் இல்லாத வருஷம் யாரும் புது வண்டி எடுக்க மாட்டார்கள், இருக்கிற வண்டியைப் பழுது பார்த்து ஓட்டுவார்கள். அந்த வருஷங்களில் ஊழியர்களுக்குச் சம்பளம் போட்டது ஸ்பேர்ஸும் பட்டறையும்தான். மூன்று தலைமுறை தாண்டிய எந்தக் கடையை எடுத்துக்கொண்டாலும் இந்த இரண்டும் பலமாக இருப்பதைப் பார்க்கலாம்.

கவுன்ட்டரில் நடப்பதைச் சொல்கிறேன். ஒருவர் செய்தித்தாளில் மடித்த ஆயில் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) ஒன்றைக் கொண்டுவருவார். எண் தேய்ந்து போயிருக்கும். உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றையும் அளந்துவிடலாம், அளவு மட்டும் போதாது. வண்டி எந்த வருஷம் என்று கேட்டால், "அப்பா வாங்கினதுங்க" என்பார். சரி என்று டெலிவரி ரெஜிஸ்டரை எடுப்போம். அவர் அப்பா பெயரில் சேஸிஸ் நம்பர், அதாவது வண்டியின் அடையாள எண், இருக்கும். அப்புறம் பாகங்களின் புத்தகம். இந்த எண் வரை ஒரு சீல், இதற்கு மேல் வேறு சீல் என்று அதில் பிரித்துப் போட்டிருப்பார்கள். கம்பெனி அந்தப் பாக எண்ணையே பிறகு மாற்றியிருக்கும், மாற்றிய எண்ணையும் மறுபடி மாற்றியிருக்கும். எங்கள் புத்தகத்தில் அந்த மாற்றங்களை எல்லாம் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தவர் அம்மா. ஷோரூமில் மாட்டியிருக்கும் படங்களில் அம்மா இல்லை. ஆனால் பத்து நிமிஷத்தில் சரியான சீல் அந்த விவசாயி கைக்குப் போனது அவர் கையெழுத்தால்தான்.

சரியாக ஓடாத வண்டியால் பட்ட வேதனையிலிருந்து, உதிரி பாகத்துக்கும் விதி போட்ட ஒரு சட்டமே பிறந்திருக்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் வில்மட் குரோசியர் என்ற விவசாயி ஃபோர்டு என்ற பெயரில் விற்ற ஒரு டிராக்டரை வாங்கினார். ஹென்றி ஃபோர்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெயரைப் பயன்படுத்திக்கொள்வதற்காகவே ஃபோர்டு என்ற பெயருள்ள ஒருவரைச் சேர்த்துக்கொண்ட மினியாபொலிஸ் நிறுவனம் அது. வண்டி சரியாக ஓடவில்லை. குரோசியர் பிறகு சட்டமன்ற உறுப்பினரானார். 1919இல் நெப்ராஸ்காவில் டிராக்டர் சோதனைச் சட்டம் வந்தது: பல்கலைக்கழகத்தில் சோதித்துத் தேறாத மாடலை மாநிலத்தில் விற்கக் கூடாது, விற்கிற நிறுவனம் உதிரி பாகங்களை விவசாயிக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். 1920இல் முதலில் சோதனை முடித்தது நான் மேலே சொன்ன வாட்டர்லூ பாய். குதிரைத்திறனைச் சோதித்ததைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்த உதிரி பாக விதிதான் பெரிதாகத் தெரிகிறது.

மேலே கம்பெனிகள் சண்டை போட்டுக்கொண்டால் கீழே டீலர் குடும்பம் என்ன ஆகும்? – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

இதற்கு ஃபோர்டு–ஃபெர்குசன் கதையை விடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன், கலப்பையை டிராக்டருக்குப் பின்னால் மூன்று இடங்களில் பிணைத்து ஹைட்ராலிக்கால் (எண்ணெய் அழுத்தத்தால்) தூக்கி இறக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதற்கு முன் கலப்பையைத் தனியாகக் கட்டி இழுப்பார்கள். கலப்பை எதிலாவது மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் எகிறி, ஓட்டுபவர் மேலேயே கவிழும் ஆபத்து உண்டு. ஃபெர்குசன் முறையில் மண்ணின் எதிர்ப்பைப் பொறுத்து ஹைட்ராலிக் தானாகவே ஆழத்தைச் சரிசெய்யும், கலப்பையின் பாரம் பின் சக்கரத்தின் மேல் இறங்கிப் பிடிமானம் கொடுக்கும். இன்று எந்தக் கம்பெனி வண்டியை வாங்கினாலும் பின்னால் இருக்கும் லிங்கேஜ் இந்த வழியில் வந்ததுதான்.

1938இல் ஃபெர்குசனும் ஹென்றி ஃபோர்டும் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஃபோர்டு டிராக்டரைச் செய்து தருவார், ஃபெர்குசன் விற்பார். எழுத்தில் எதுவும் இல்லை. 1939இல் 9என் என்ற டிராக்டர் வந்தது, நன்றாக விற்றது. பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு பொறுப்புக்கு வந்ததும் கணக்கைப் பார்த்தார், ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார். 1947இல் ஃபோர்டு 8என் என்ற வண்டியைத் தன் சொந்த விற்பனை அமைப்பு மூலம் இறக்கியது. ஃபெர்குசன் வழக்குப் போட்டார், 1952இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமாதானம் ஆனது.

இந்த வழக்கைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்த வண்டிகளை விற்றுக்கொண்டிருந்த டீலர்களை யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஃபோர்டு, கையில் வண்டி இருக்கிறது. மறு பக்கம் ஃபெர்குசன், வண்டி செய்யும் இடமே கை விட்டுப் போய்விட்டது, ஆனால் இவ்வளவு காலம் வியாபாரம் கொடுத்த மனிதர். யாரோடு போவது? வழக்கின் முடிவுக்குக் காத்திருக்க அவர்களால் முடியாது. அடுத்த உழவுப் பருவத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டும். பெரிய இடத்துக் கைகுலுக்கலுக்குக் கீழே இத்தனை குடும்பங்களின் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை. எழுத்தில் இல்லாத எதையும் நம்பி ஷோரூம் கட்டாதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

கம்பெனி பெயர் மாறினால் பலகையை மாற்றினால் போதாதா? – அதே வங்கி ஊழியரின் இன்னொரு கேள்வி

போதாது. மேலே சொன்ன கதையையே தொடர்கிறேன். 1947இல் ஃபெர்குசன் பக்கம் போன ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1953இல் மாசி-ஹாரிஸ் என்ற நிறுவனம் ஃபெர்குசனோடு இணைந்தது, 1958இல் பெயர் மாசி ஃபெர்குசன் என்று சுருங்கியது, 1994இல் அதை ஆக்கோ என்ற நிறுவனம் வாங்கியது. ஃபோர்டு பக்கம் போன குடும்பத்துக்கு, 1986இல் ஃபோர்டு நியூ ஹாலண்டை வாங்கியது, 1991இல் ஃபியட் அந்த டிராக்டர் தொழிலைத் தன் கைக்குக் கொண்டுபோனது, 1999இல் அது கேஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சிஎன்எச் ஆனது. தாத்தா ஒரு பெயரை நம்பித் தொடங்கினார், பேரன் கையில் வேறு பெயர் இருக்கிறது.

இணைப்பு வரும்போது உண்மையான அடி வேறிடத்தில் விழும். 1984 இறுதியில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் தன் விவசாய இயந்திரப் பிரிவை, கேஸ் நிறுவனத்தை வைத்திருந்த டெனெகோவுக்கு விற்பதாக அறிவித்தது. இரண்டையும் சேர்த்தார்கள். பல ஊர்களில் கேஸ் டீலரும் இருந்தார், ஹார்வெஸ்டர் டீலரும் இருந்தார். இனி ஒருவர் போதும் என்றானது. பல வருஷம் எதிரெதிரே கடை வைத்துப் போட்டி போட்ட இரண்டு குடும்பங்களில் ஒன்று, தன் தவறு எதுவும் இல்லாமலே உரிமையை இழந்தது. வட்டி அதிகமாக இருந்து அமெரிக்க விவசாயிகள் கடனில் தவித்த காலம் வேறு. அப்படி உரிமை போன பின்னும் பட்டறையையும் பழைய வண்டிகளின் பாகங்களையும் வைத்தே கடையை ஓட்டியவர்கள் உண்டு. அவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

அப்பாவுக்கு வயதாகிவிட்டது. டீலர்ஷிப் எனக்குத் தானாக வந்துவிடும்தானே? தங்கை வெளியூரில் வேலையில் இருக்கிறாள். – ஒரு டீலரின் மகன்

தம்பி, இதற்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். தானாக வராது. கட்டடம் உங்களுடையதாக இருக்கலாம், நிலம் உங்களுடையது, இருப்பில் உள்ள ஸ்பேர்ஸ் உங்களுடையது. விற்கும் உரிமை கம்பெனி உங்கள் அப்பாவை நம்பிக் கொடுத்தது. ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். குறிப்பிட்ட காலத்துக்குத்தான் இருக்கும், பங்குதாரர் மாறினால் கம்பெனியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்று பெரும்பாலும் இருக்கும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் டீலரின் வாரிசைக் காக்கச் சட்டம் இருக்கிறது. எல்லா இடத்திலும் அப்படி எதிர்பார்க்க முடியாது. அதனால் அப்பா நன்றாக இருக்கும்போதே, தனக்குப் பிறகு யார் என்பதைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கச் சொல்லுங்கள். அதைத் துக்க வீட்டில் உட்கார்ந்து பேசும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

அடுத்தது பணம். ஷோரூமில் நிற்கும் புது வண்டிகளில் பெரும்பகுதி கடனில் நிற்கிறது. வங்கியிலோ கம்பெனியின் நிதிப் பிரிவிலோ வாங்கிய கடன், அப்பாவின் கையெழுத்து, அப்பாவின் சொத்து ஜாமீன். நீங்கள் பொறுப்பேற்றால் அந்த ஜாமீன் யார் பெயருக்கு மாறும்? வசூலாக வேண்டிய பாக்கி எவ்வளவு, அதில் உண்மையில் வரக்கூடியது எவ்வளவு? பாக்கிப் பட்டியலை அப்பாவோடு உட்கார்ந்து பெயர் பெயராகப் பாருங்கள். யார் சொன்ன நாளில் கட்டுவார், யார் அறுவடைக்குப் பிறகுதான் கட்டுவார் ஆனால் கட்டாயம் கட்டுவார் என்பதெல்லாம் அவர் மனதில்தான் இருக்கிறது. எந்த நோட்டிலும் இல்லை.

தங்கை விஷயம். தொழிலில் இல்லாதவர் என்பதற்காக அவரைக் கணக்கிலிருந்து விடாதீர்கள். பல குடும்பக் கடைகள் மூன்றாம் தலைமுறையில் உடைந்தது கம்பெனியால் இல்லை, பங்கு பிரிப்பதில்தான். எங்கள் வீட்டில் நிலத்தையும் வியாபாரத்தையும் முதலில் தனித்தனியாகப் பிரித்தார்கள். நிலத்தில் எல்லோருக்கும் பங்கு, வியாபாரம் அதற்கு வாடகை கொடுக்கும். கடையில் உழைப்பவருக்குச் சம்பளம் தனி. வெளியே இருக்கும் அத்தைக்கு மாதாமாதம் வாடகைப் பங்கு போகிறது, கடை நிர்வாகத்தில் அவர் தலையிடுவதில்லை. உங்கள் குடும்பத்துக்கு வேறு வழி பொருந்தலாம், ஆனால் எழுதி வைத்துவிடுங்கள். நல்ல ஆடிட்டரும் வழக்கறிஞரும் இதற்குத் தேவை.

கடைசியாக, முதலில் விற்பனை நாற்காலியில் உட்காராதீர்கள். பட்டறையில் ஜாப் கார்டு (பழுது வேலைச் சீட்டு) எழுதுங்கள், ஸ்பேர்ஸில் நில்லுங்கள். கிளட்ச் பிளேட் ஏன் இவ்வளவு சீக்கிரம் போனது என்று மூத்த மெக்கானிக்கிடம் கேளுங்கள். கிளட்ச் மிதியில் காலை வைத்தபடியே ஓட்டுகிறார் என்று பிளேட்டைப் பார்த்தே சொல்வார். அந்த விவசாயியிடம் அதை மனம் நோகாமல் எடுத்துச் சொல்லத் தெரிந்த அன்றைக்கு நீங்கள் டீலர் ஆகத் தயார்.

இப்போது டிராக்டரில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. மெக்கானிக்கின் கைப்பழக்கத்துக்கு இனி வேலை உண்டா? – ஒரு வாசகி

உண்டு. லேப்டாப்பை மாட்டினால் எந்த சென்ஸார் புகார் சொல்கிறது என்று தெரியும். சென்ஸார் கெட்டதா, அதற்குப் போகும் ஒயரை எலி கடித்ததா என்பதை ஆள்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

இதில் எங்கள் தரப்புக்கு எதிராகவே ஒன்று சொல்கிறேன். அந்த மென்பொருள் டீலரிடம் மட்டும் இருக்க வேண்டும் என்பது சரியில்லை. அமெரிக்காவில் இது பெரிய போராட்டம். 2023 ஜனவரியில் ஜான் டீர் அங்குள்ள விவசாயிகள் கூட்டமைப்போடு இதைப் பற்றி ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டு கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களைப் பழுது பார்க்கும் உரிமைக்குச் சட்டம் இயற்றியது, அது 2024 தொடக்கத்தில் அமலுக்கு வந்தது. அறுவடை நடுவில் வண்டி நின்றுபோய், கம்ப்யூட்டர் காட்டும் ஒரு பிழைக் குறியீட்டை நீக்க டீலரின் ஆள் வரும்வரை விவசாயி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. வேறு வழியில்லாமல் வருகிறவரை நம்பி மூன்று தலைமுறை கடை நடத்த முடியாது. நன்றாகச் செய்வார்கள் என்று தேடி வருகிறவர்தான் வேண்டும்.

எங்கள் கடையின் வரலாற்றைச் சிறு புத்தகமாகப் போட ஆசை. எங்கிருந்து தொடங்குவது? – நான்காம் தலைமுறை

திறப்பு விழாப் படங்களிலிருந்து தொடங்காதீர்கள், எல்லாக் கடையிலும் அது ஒரே மாதிரிதான் இருக்கும். டெலிவரி ரெஜிஸ்டரை எடுங்கள். தேதி, பெயர், மாடல், சேஸிஸ் நம்பர், கூடப் போன கருவி. நாலு பக்கம் புரட்டினாலே அந்த வட்டாரத்தின் விவசாயம் தெரியும். எந்த வருஷம் வெறும் கலப்பையோடு போனது, எப்போது ட்ரெய்லர் சேர்ந்தது, எப்போது ரோட்டவேட்டர் (மண்ணைப் புரட்டிப் பொடியாக்கும் கருவி) கேட்க ஆரம்பித்தார்கள், எந்தப் பருவம் முழுக்க வரி காலியாக இருக்கிறது. பழைய ஜாப் கார்டுகளில் மெக்கானிக்குகளின் கையெழுத்து இருக்கும். அவர்கள் பெயரைப் புத்தகத்தில் போடுங்கள். உயிரோடு இருப்பவர்களிடம் உடனே போய்ப் பேசிப் பதிவு செய்யுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். கணக்கு எழுதிய பெண்கள் யார் என்று கேளுங்கள். உரிமை பறிபோன வருஷமோ பங்காளிச் சண்டையோ இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

தாத்தாவின் ஃபோர்டு டிராக்டர் கொட்டகையில் கிடக்கிறது. 8என் என்கிறார்கள். உறுதி செய்வது எப்படி? ஓட்டலாமா? – இன்னொரு வாசகர்

எஞ்சின் பிளாக்கின் இடது பக்கத்தைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். 8என் என்று தொடங்கும் எண் தெரிய வேண்டும். ஆனால் எஞ்சினை மாற்றியிருக்கலாம், அதனால் மற்றதையும் பாருங்கள். 8என்னில் நான்கு முன் கியர், பிரேக் மிதி இரண்டும் வலது பக்கம். 9என்னில் மூன்று கியர், பிரேக் பக்கத்துக்கு ஒன்று. பெயின்ட் தங்கியிருந்தால் 8என்னின் உடல் சிவப்பு, மேல் தகடுகள் வெளிர் சாம்பல். அந்த மாடல் 1947 முதல் 1952 வரை வந்தது.

ஓட்டுவதற்கு முன் ஒன்று. அந்தக் காலத்து வண்டிகளில் கவிழ்ந்தால் காக்கும் ரோல் பார் கிடையாது. புது டிராக்டரில் அது இருந்தே ஆக வேண்டும் என்று ஸ்வீடன் விதித்ததே 1959இல்தான். பொருந்தக்கூடிய ரோல் பாரும் சீட் பெல்ட்டும் தேடிப் போடுங்கள், பின்னால் பிடிஓ தண்டுக்கு (எஞ்சின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் சுழலும் தண்டு) மூடி இருக்கிறதா என்று பாருங்கள். அவை பொருத்தும்வரை சரிவில் கொண்டுபோக வேண்டாம், மட்கார்டில் குழந்தைகளை உட்காரவைக்கவே வேண்டாம்.